செங்கல்பட்டு தாண்டியாச்சு

எனக்குச் சொந்த ஊர் செங்கல்பட்டு. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மலரும். "தெரியுமே! ட்ரெயின் நிக்குமே!" என்பார். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால், "பரனூர் டோல்கேட்ல பொங்கலுக்கு ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டோம் சார்" என்று, அந்த டோல்கேட்டை நான்தான் கட்டியது மாதிரி என்னை ஒரு பார்வை பார்ப்பார். செங்கல்பட்டுக்கு வந்திருக்கிறேன் என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எல்லாரும் தாண்டியிருக்கிறார்கள்.

தெற்கிலிருந்து சென்னைக்கு ரயிலேறும் ஜனங்களுக்கு எங்கள் ஊர் மணி பார்க்க உதவுகிறது. மதுரைக்காரர், தூத்துக்குடிக்காரர், நாகர்கோவில்காரர் யாரானாலும் விடியற்காலையில் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "செங்கல்பட்டு வந்தாச்சு" என்பார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் எழும்பூர், ஸ்கூட்டரை எடு, பாலை அடுப்பில் வை என்று அதற்கு அர்த்தம். அந்த நேரத்தில் பெட்டிக்குள் தூங்குகிறவனை எழுப்பவும் எங்கள் ஊர்ப் பெயர்தான் பயன்படுகிறது. "எந்திரிடா, செங்கல்பட்டு!" எழுந்தவன் அடுத்த வேலையாகப் பிரஷ்ஷைத் தேடுவான். தமிழ்நாட்டில் பாதிப்பேர் பல் தேய்க்கத் தொடங்குவது எங்கள் எல்லைக்குள்தான். அவர்கள் துப்புவதும் அங்கேதான் என்பதை ஊர்க்காரன் என்ற முறையில் வருத்தத்தோடு சேர்த்துக்கொள்கிறேன்.

அதிகாலையில் பிளாட்பாரத்தில் நின்று பார்க்க வேண்டும். இரவு ரயில் வந்து நின்றதும் கதவுக்கு ஒன்றாகப் போர்வை போர்த்திய உருவங்கள் இறங்கும். ஒருவரும் பிளாட்பாரத்தை விட்டு வெளியே போக மாட்டார். ஒரு காலை ரயிலின் படியிலேயே வைத்துக்கொண்டு, மறு காலை மட்டும் எங்கள் ஊர் மண்ணில் பதித்து, கையை நீட்டி டீ வாங்குவார்கள். டீக்காரர் கேனைச் சாய்த்துப் பிடிக்கும்போதே மூன்று பேருக்குச் சில்லறை எண்ணிவிடுவார். முன்பெல்லாம் சில்லறை வருவதற்குள் ரயில் புறப்பட்டுவிடும். ஓடிவந்து ஜன்னல் வழியாகக் காசைத் திணிக்கும் நேர்மைக்காரர்களும் இருந்தார்கள், ரயிலின் வேகத்தை மதித்து நின்றுவிடுகிறவர்களும் இருந்தார்கள். இப்போது ஸ்கேன் செய்கிறார்கள். பணம் போய்ச் சேருவதற்குள் ரயில் கொளவாய் ஏரிப் பக்கம் போயிருக்கும். நேர்மையாக ஓடவேண்டிய பொறுப்பு இப்போது சிக்னலின் தலையில்.

ஒருநாள் ஒருவர் மூன்று மொழியில் ஆள் உயரத்துக்கு ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு என்னைக் கேட்டார்: "சார், இது எந்த ஸ்டேஷன்?"

நான் பலகையைக் காட்டினேன்.

"அது தெரியுது சார். தாம்பரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். திருநெல்வேலிப் பக்கம் பெண் எடுத்ததில்தான் விஷயம் வீட்டுக்குள் வந்தது. என் மாமனார் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மூத்த மகன் சென்னையில் இருக்கிறான். ஆகவே பல வருஷமாக அவருக்கு ஒரு பழக்கம்: செங்கல்பட்டில் கண் விழிப்பார், போர்வையை மடிப்பார், தாம்பரத்துக்குள் முகம் கழுவித் திருநீறு பூசுவார், எழும்பூரில் இறங்குவார். மகளை எனக்குக் கட்டிக்கொடுத்த பிறகு முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். ரயில் வந்து நின்றது. போன் அடித்தது.

"மாப்ளே, செங்கல்பட்டு வந்துட்டு!"

"ஆமா மாமா, இங்கதான் நிக்கிறேன். இறங்குங்க."

"இந்தா வாரேன், போர்வைய மடிச்சிட்டு."

ரயில் அங்கே நிற்பது ஏதோ ஓரிரு நிமிஷம். ஓவர்சியர் போர்வை மடித்தால் நாலு மூலையும் ஒன்றுக்கொன்று சரியாக உட்கார வேண்டும். அது ஓரிரு நிமிஷத்தில் முடிகிற வேலையல்ல. ரயில் நகரத் தொடங்கியபோது ஜன்னலுக்குள் அவர் மூன்றாவது மடிப்பில் இருந்தார். என்னைப் பார்த்துக் கையும் அசைத்தார். தாம்பரத்தில் இறங்கி, லோக்கல் பிடித்து, ஏழரை மணிக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தார். "உங்க ஊரு நல்லாத்தான் இருக்கு மாப்ளே, ஆனா ரொம்பச் சீக்கிரமா வந்துருது" என்றார்.

அடுத்தமுறை என் மனைவி போனில் கண்டிப்பாகப் பாடம் எடுத்தாள். "எப்பா, மேல்மருவத்தூர்லயே எந்திரிச்சிருங்க. பாலாத்துப் பாலம் வரும்போது வண்டிச் சத்தம் மாறும். அப்ப நீங்க கதவுகிட்ட நிக்கணும். போர்வைய வீட்ல வந்து மடிச்சுக்கிடலாம்." மாமனார் அப்படியே செய்தார். மடிக்காத போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதித் தூக்கத்தில் படையெடுத்து வந்த பாண்டிய மன்னன் போல இறங்கினார். "பாலாத்துல தண்ணியே இல்லையே மாப்ளே" என்றார். வீடு தேடி வந்த மாமனாரிடம் அதற்கு நான் என்ன பதில் சொல்ல? மணல்தான் ஆறு, மாமா, என்று சமாளித்தேன். ஓவர்சியர் என்பதால் அவருக்கு அதிலே சந்தேகமில்லை.

செங்கல்பட்டுக்கென்றே கிளம்பி வந்தவர் வரலாற்றில் யாராவது உண்டா என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ராபர்ட் கிளைவ் 1752-ல் வந்து பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எங்கள் கோட்டையைப் பிடித்தார். ஆகா, ஒருவராவது வந்தாரே என்று ஆசையாகப் படித்தால், அவரும் முதலில் கோவளத்துக் கோட்டையைப் பிடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருக்கிறார். கடற்கரையைப் பார்த்த கையோடு செங்கல்பட்டு. பிற்பாடு வெள்ளைக்காரன் பெரிய மனசு பண்ணி ஜில்லாவுக்கே எங்கள் பெயரை வைத்தான். கலெக்டர் மட்டும் சைதாப்பேட்டையில் உட்கார்ந்தார். சுதந்திரம் வந்து, அவர் காஞ்சிபுரத்துக்குப் போனார். போகும்போது எங்கள் வழியாகப் போயிருக்கக்கூடும். 1997-ல் மாவட்டத்தைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரித்தபோது பெயரையும் எடுத்துவிட்டார்கள். 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு மாவட்டம் என்று ஒன்று பிறந்து, கலெக்டர் செங்கல்பட்டிலேயே இறங்கினார். அவர் போர்வை மடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதில் ஊருக்கு நிம்மதி.

உள்ளூர்க்காரனுக்கு இந்த நிலையத்தால் ஒரே ஒரு சலுகை உண்டு. சென்னைக்குப் போகும் லோக்கல் இங்கேதான் புறப்படுகிறது. அதனால் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். இது எவ்வளவு பெரிய சொத்து என்பது கூடுவாஞ்சேரிக்காரருக்குத்தான் தெரியும். சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறுகிறவர் எங்களை மரியாதையோடு பார்ப்பார். மறைமலைநகரில் ஏறுகிறவர் பொறாமையோடு பார்ப்பார். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறியதும் யாரும் யாரையும் பார்க்க முடியாது. கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவர் நம் மடியைத்தான் பார்ப்பார், பையை வைக்க. ஊரப்பாக்கத்தில் உள்ளே வருகிறவரின் முகம் தெரியாது, முழங்கை மட்டும் தெரியும்.

இதில் கெட்டிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நடுவில் இருக்கும் ஊர்க்காரர்கள் காலையில் சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வருவார்கள். வந்த வண்டியிலேயே இறங்காமல் உட்கார்ந்திருந்து, அதே வண்டி திரும்பும்போது ஜன்னலோரமாகத் தங்கள் ஊரைத் தாண்டிப் போவார்கள். ஆக, எங்கள் ஊருக்கென்றே தினமும் ரயிலேறி வருகிற ஒரு கூட்டம் இருக்கத்தான் செய்கிறது. வந்ததும் அவர்கள் ஜன்னலில் கைக்குட்டை விரித்து, கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஊரைப் பார்ப்பதில்லை.

பஸ் விஷயம் வேறு. சென்னையின் வெளியூர்ப் பேருந்து நிலையம் பாரிமுனையில் இருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். 2002-ல் அது கோயம்பேட்டுக்கு வந்தது. 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. நாங்கள் சென்னைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, சென்னை கொஞ்சம் கொஞ்சமாக எங்களிடம் வந்துகொண்டிருக்கிறது. இன்னொரு இருபது வருஷம் பொறுத்தால் வீட்டு வாசலில் இருந்தே மதுரைக்கு ஏறலாம்.

மாமனாருக்கு மாமல்லபுரம் பார்க்க ஆசை. சென்னை மைத்துனன் காரை எடுத்துவந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டிப்போவதாகச் சொன்னான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தச் சாலை இப்படிப் பளபளப்பதற்கு முன்னால், ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் என்பதுதான் மாமல்லபுரத்துக்கு மரியாதையான வழி. வெள்ளைக்காரத் துரைமார் சிலர் பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் போனார்கள் என்றாலும், அவர்களுக்கு வேலை குறைவு. "மாமா, நாம பஸ்லயே போறோம்" என்று ஸ்டேஷன் பக்கத்திலிருந்தே கிளப்பிக்கொண்டு போனேன்.

திருக்கழுக்குன்றத்தில் மலையைப் பார்த்ததும் மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். "இங்கதானே ரெண்டு கழுகு வரும்?" என்றார். ஆமாம், உச்சிவேளைக்கு வந்து பண்டாரத்தின் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். 1990-களோடு அந்த வரவு நின்றுபோனது. அவை காசியில் நீராடி, இங்கே சாப்பிட்டு, ராமேசுவரத்துக்குப் போகும் என்று ஐதீகம். சின்ன வயதில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்த கதை இது. பஸ்ஸில் உட்கார்ந்து மாமனாருக்குச் சொல்லும்போதுதான் உறைத்தது: குளியல் காசியில், கும்பிடுவது ராமேசுவரத்தில், நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் மாவட்டம். கழுகுகளும் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் இருக்கின்றன. இதற்கு நேர்மாறாக, வேடந்தாங்கலுக்கு வருகிற பறவைகள் எங்கேயும் வண்டி மாறாமல் நேரே ஏரியில் இறங்கி, மாதக்கணக்கில் தங்கி, பிள்ளைகுட்டி பெற்றுக்கொண்டு போகின்றன. மாவட்டத்திலேயே அவைதான் பண்பான விருந்தாளிகள்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதங்களுக்கு முன்னால் மாமனார் ஓவர்சியர் ஆகிவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் சுற்றிவந்தார். தர்மராஜ ரதத்தின் அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மாப்ளே, மேல எல்லாம் பிரமாதமா முடிச்சிருக்கான். கீழ அப்படியே விட்டுட்டானே?"

ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள் மாமா, பல காரணத்தால் பாதியில் நின்றுவிட்டது என்றேன்.

"மேலேருந்தா? முதல்ல சிகரம், கடைசில அஸ்திவாரமா?" அவர் கண்ணில் ஒரு தொழில்முறைப் பரவசம் தெரிந்தது. "கான்ட்ராக்டர் படு கெட்டிக்காரன். மேல் வேலையக் காட்டி முதல் ரெண்டு பில்லையும் வாங்கியிருப்பான். மூணாவது பில்லு பாஸாகியிருக்காது. அதான் ஆளு எடுத்துட்டுப் போயிட்டான்."

பல்லவ வரலாற்றைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான விளக்கம் இல்லை. 1984-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்று பக்கத்திலிருந்த பலகையை வாசித்துக் காட்டினேன். "அவங்ககிட்ட கம்ப்ளீஷன் சர்டிபிகேட் கேட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்கிற அந்தச் சரிவுப் பாறையை எல்லாரும் கையால் தாங்கிப் பிடிப்பது போலப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் அதன் நிழலில் உட்கார மறுத்துவிட்டார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் உருளாமல் நிற்கிறது மாமா என்றதற்கு, "சர்வீஸ்ல நான் பாத்த எல்லாப் பாலமும் விழுறதுக்கு மொத நாள் வரைக்கும் நின்னதுதான் மாப்ளே" என்றார்.

திரும்பும்போது பஸ் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேர் வாரானே, ஒரு ரயில் விடக்கூடாதா?" என்று கேட்டார். 2019-ல் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே வந்து இளநீர் குடித்தார்கள். 2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது, உலகத்திலுள்ள தேசமெல்லாம் வந்து காய் நகர்த்தியது. எல்லாரும் காரிலும் பஸ்ஸிலும்தான் வந்தார்கள், அதுவும் எங்கள் ஊர் வழியாக இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ஒரு ரயில்பாதைத் திட்டம் இருக்கிறது மாமா, ரொம்ப வருஷமாக இருக்கிறது, சில வருஷம் பட்ஜெட்டில் அதற்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள் என்றேன்.

"ஆயிரம் கோடியா?"

"ஆயிரம் ரூபா."

"ஆயிரம் லட்சம்னு இருக்கும். சரியாப் படிங்க."

"ஆயிரம் ரூபாதான் மாமா. திட்டம் செத்துப்போகலைன்னு காட்டறதுக்கு."

அவர் கொஞ்சநேரம் மனக்கணக்குப் போட்டார். "சங்கிலி பிடிச்சு அளக்கப் போற ஆளுகளுக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம். வடைக்குக் காணாது" என்றார். திருக்கழுக்குன்றம் வரும்வரை வேறு பேசவில்லை.

அவரையும் வியக்கவைத்த ஒரு ஆள் எங்கள் வீட்டில் உண்டு. என் பெரியப்பா. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், எழுபது தாண்டிவிட்டது. அவருக்கு ரயில் என்றால் உயிர். 1960-களில் விழுப்புரம் வரைக்கும் மீட்டர்கேஜ் பாதைக்கே மின்கம்பி இழுத்ததையும், அதை ஓட்ட ஜப்பானிலிருந்து என்ஜின்கள் வந்ததையும் கல்யாண வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருப்பார். மீட்டர்கேஜில் மின்சார ரயில் இந்தியாவிலேயே அபூர்வம் என்பார். பெண் வீட்டார் தலையாட்டுவார்கள். மேடையில் தாலி கட்டியாகிவிடும்.

2019-ல் சுற்றுவட்ட ரயில் என்று ஒன்று விட்டார்கள். சென்னைக் கடற்கரையில் புறப்பட்டு, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் என்று ஒரு பெரிய வட்டம் அடித்து, மறுபடியும் கடற்கரைக்கே போய்ச் சேரும் வண்டி. எங்கே போக வேண்டும் என்று இல்லாமல் சும்மா போய்வருவதற்கு ஒரு ரயில்! பெரியப்பா இதற்காகத்தான் ஐம்பது வருஷம் காத்திருந்தார் போல. காலையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு செங்கல்பட்டில் ஏறுவார். பாலூர், வாலாஜாபாத் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு காஞ்சிபுரம். அரக்கோணத்தில் டீ. கடற்கரையில் இறங்கி, தயிர்சாதத்தை முடித்து, தாம்பரம் மார்க்கமாக லோக்கலில் வீடு. சாயங்காலம் யாராவது "எங்கே பெரியவரே, கண்ணிலேயே காணோம்?" என்று கேட்டால், "செங்கல்பட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்பார்.

மாமனாருக்கு இந்த மனிதரை மிகவும் பிடித்துப்போயிற்று. "நானும் வாரேன் அண்ணாச்சி" என்று ஒருநாள் கூடவே கிளம்பினார். மடித்த போர்வையும் கக்கத்தில் இருந்தது. நான் டிக்கெட் எடுத்துக் கொடுக்கக் கூடப் போனேன். பெரியப்பா என்னை ஒதுக்கிவிட்டு, கவுண்டரில் தானே குனிந்தார்.

"ரெண்டு டிக்கெட்மா."

"எங்கே?"

"செங்கல்பட்டு."

உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். "எங்கேர்ந்து?"

"செங்கல்பட்டுலேர்ந்துதான்."

அவர் பெரியப்பாவைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார்.

"அதுக்கு பிளாட்பாரம் டிக்கெட் போதும் தாத்தா. சில்லறையா குடுங்க."